கால்வாயை வென்ற கல்கத்தா பெண் ஆரத்தி சாகா

1959-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ந் தேதி. வடகல்கத்தாவில் சியாம்பஜாருக்கு அருகே உள்ள தேசபந்து பூங்காவில், குளக்கரை முழுவதும் ஜனக்கூட்டம். ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டிருந்தார்கள். பெயர் பெற்ற நீச்சல் வீரர்களும் வந்திருந்தார்கள். குளத்தில் 18 வயதுப் பெண் ஒருவர் நீந்திக் கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான்கு மணி நேரம் ஆயிற்று. அவர் கரையேறவில்லை. தொடர்ந்து 8 மணி நேரம் நீந்திய பிறகே வெளியே வந்தார்.

அந்தப் பெண்தான் ஆரத்தி சாகா. ஐந்தரை மாதம் கழித்து, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் என்ற புகழ் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த ஐந்தரை மாதத்துக்குள் ஒரு பெரிய தோல்வியும் அடங்கியிருந்தது. அவருடைய முதல் கடல் பந்தயம் தோல்வியில்தான் முடிந்தது. வெற்றியைப் பலரும் அறிவார்கள். இரண்டுக்கும் இடையே கிடந்த 33 நாட்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

தாயை இழந்த குழந்தை

ஆரத்தி 1940-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி கல்கத்தாவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பாஞ்சுகோபால் சாகா ராணுவத்தில் ஊழியராக இருந்தார். மூன்று குழந்தைகளில் ஆரத்தி இரண்டாவது. இரண்டரை வயதிலேயே தாயைப் பறிகொடுத்தார். அண்ணனும் தங்கை பாரதியும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார்கள். ஆரத்தி வடகல்கத்தாவில் பாட்டியிடம் வளர்ந்தார்.

அந்தக் காலத்தில் வடகல்கத்தாக் குடும்பங்களுக்குக் கங்கைக் குளியல் அன்றாட வழக்கம். நான்கு வயதில் ஆரத்தி தன் உறவினரின் கையைப் பிடித்துக்கொண்டு சம்பாதலா படித்துறைக்குப் போவார். குளிக்கப் போன குழந்தை அங்கேயே நீந்தக் கற்றுக்கொண்டது. மகளுடைய ஆர்வத்தைக் கண்ட தந்தை, அவரை ஹாட்கோலா நீச்சல் சங்கத்தில் சேர்த்துவிட்டார்.

அங்கே ஆரத்திக்கு நல்ல ஆசான் வாய்த்தார். அவர் பெயர் சச்சின் நாக். 1951-ல் டெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வாங்கியவர் அவர்தான். அவருடைய கண்ணில் பட்ட சிறுமி, 1946-ல், ஆறு வயது நிறைவதற்கு முன்பே, 110 கஜ நீச்சலில் முதல் பரிசு பெற்றார்.

பிறகு பரிசுகள் வரிசையாக வந்தன. 1948-ல் பம்பாயில் நடந்த தேசியப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கமும் ஒரு வெண்கலப் பதக்கமும் பெற்றார். 1951-ல் மேற்கு வங்க மாநிலப் போட்டியில், 100 மீட்டர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 37.6 விநாடியில் முடித்தார். தவளையைப் போலக் கைகால்களை விரித்து நீந்துவதுதான் மார்பு நீச்சல். பம்பாயின் புகழ் பெற்ற வீராங்கனை டாலி நசீர் வைத்திருந்த அகில இந்திய சாதனையை அன்று ஆரத்தி முறியடித்தார்.

11 வயதில் ஒலிம்பிக்

1952-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. இந்தியாவிலிருந்து சென்ற பெண்கள் நான்கே பேர். அவர்களில் ஒருவர் ஆரத்தி. இந்தியக் குழுவிலேயே வயதில் குறைந்தவரும் அவரே. அப்போது அவருக்கு 12 வயது நிறையவில்லை. 200 மீட்டர் மார்பு நீச்சலில் கலந்துகொண்டு 3 நிமிடம் 40.8 விநாடியில் நீந்தினார். அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை.

ஊர் திரும்பியதும் இன்னொரு அடி விழுந்தது. 100 மீட்டர் பிரீ ஸ்டைல் நீச்சலில், சொந்தத் தங்கை பாரதியிடமே தோற்றார். ஆரத்தி இதற்காக நீச்சலை விட்டுவிடவில்லை. தனக்கு நன்றாக வரும் மார்பு நீச்சலில் மட்டும் கவனத்தைச் செலுத்தினார். எது தன் பலம், எது தன் பலம் அல்ல என்பதைப் பிரித்துப் பார்க்கும் குணம் அந்தச் சிறு வயதிலேயே அவரிடம் இருந்தது. பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்ததும் இந்தக் குணந்தான்.

கங்கையில் நடக்கும் நெடுந்தூர நீச்சல் போட்டிகளிலும் அவர் கலந்துகொள்வார். குளத்தில் வேகம் பெரிது. ஆற்றில் பொறுமை பெரிது. அந்தப் பொறுமையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது கங்கை.

கால்வாயின் அழைப்பு

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே இருக்கும் கடற்பகுதிதான் ஆங்கிலக் கால்வாய். பெயர்தான் கால்வாயே தவிர, அது கடல். மிகக் குறுகிய இடத்திலேயே 21 மைல் அகலம். 1875-ல் மேத்யூ வெப் என்ற ஆங்கிலேயர் முதன் முதலாக அதை நீந்திக் கடந்தார். பெண்களில் முதல்வர் அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி, ஆண்டு 1926.

1958-ல் வங்காளிகள் இருவர் அந்தக் கடலில் பெயர் நாட்டினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த பட்லின் சர்வதேசப் பந்தயத்தில், கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த பிரஜன் தாஸ் ஆண்களில் முதலாவதாகக் கரையேறினார். செப்டம்பர் 27-ந் தேதி மிகிர் சென் கால்வாயைக் கடந்து, அதைச் சாதித்த முதல் இந்தியர் ஆனார். இந்த மிகிர் சென் தமிழர்களுக்கு அந்நியர் அல்ல. 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர் இவர்தான்.

பிரஜன் தாசின் வெற்றிச் செய்தி கேட்டதும் ஆரத்தி அவருக்கு வாழ்த்து அனுப்பினார். ஆரத்தியாலும் கால்வாயைக் கடக்க முடியும் என்று பிரஜன் தாஸ் பதில் அனுப்பினார். அதோடு நிற்காமல், அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு ஆரத்தியின் பெயரை அமைப்பாளர்களிடம் எடுத்துச் சொன்னார்.

பணத்துக்கு எங்கே போவது?

அழைப்பு வந்துவிட்டது. ஆனால் இங்கிலாந்து போய் வரச் செலவு பெரிது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் என்ன செய்வார்? ஹாட்கோலா சங்கத்தின் நிர்வாகிகளில் ஒருவரான டாக்டர் அருண் குப்தா முன்வந்தார். நிதி திரட்டக் காட்சி நீச்சல்களுக்கு ஏற்பாடு செய்தார். சங்கத்து அன்பர்கள் ஓடியாடி உதவினார்கள். அப்படியும் தொகை சேரவில்லை. கடைசியில் விஷயம் முதல் மந்திரி டாக்டர் பிதான் சந்திர ராய் காதுக்கு எட்டியது. அவர் 11,000 ரூபாய் கிடைக்க வழி செய்தார். பிரதமர் நேருவும் இந்த முயற்சியில் அக்கறை காட்டினார்.

பணம் ஒரு பக்கம், பயிற்சி ஒரு பக்கம். தேசபந்து பூங்காவில் 8 மணி நேரம் நீந்தியது அந்தப் பயிற்சியின் ஒரு கட்டம். பின்னர் தொடர்ந்து 16 மணி நேரமும் நீந்திக் காட்டினார். கடைசி 70 மீட்டரை வேகமாக நீந்தி முடித்தபோது, களைப்பின் அடையாளமே அவரிடம் இல்லை. 1959 ஜூலை 24-ந் தேதி, அருண் குப்தாவை மேலாளராகக் கொண்டு ஆரத்தி இங்கிலாந்து புறப்பட்டார்.

குளம் வேறு, கடல் வேறு

16 மணி நேரம் நீந்தத் தெரிந்தவருக்கு 21 மைல் பெரிய காரியமா என்று தோன்றலாம். ஆனால் கல்கத்தாக் குளம் கற்றுத்தர முடியாத பாடங்கள் சில உண்டு.

முதலாவது குளிர். கோடை காலத்தில் கூட ஆங்கிலக் கால்வாயின் நீர் 15 முதல் 18 டிகிரி சென்டிகிரேடுதான் இருக்கும். உடம்பின் சூட்டை அது கொஞ்சங் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். கை விரைத்தால் வீச்சு குறையும். வீச்சு குறைந்தால் உடம்பு இன்னும் குளிரும். குளிர் நீருக்கு உடம்பு பழகுவதற்கு வாரக் கணக்கில் ஆகும்.

இரண்டாவது உப்பு. மணிக்கணக்காக உப்பு நீர் பட்டால் நாக்கும் உதடும் வீங்கும். கழுத்தும் அக்குளும் உரசி உரசித் தோல் உரியும். இதற்காகத்தான் நீச்சல்காரர்கள் கடலில் இறங்குமுன் உரசும் இடங்களில் கொழுப்பைப் பூசிக் கொள்வார்கள்.

மூன்றாவது நீரோட்டம். அங்கே ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டம் திசை மாறும். அதனால் யாரும் நேர்கோட்டில் நீந்த முடியாது. ஒரு பக்கம் இழுபட்டு, மறுபக்கம் தள்ளப்பட்டுத்தான் போக வேண்டும். 21 மைல் கடலைக் கடக்க அதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு தூரம் போக நேரலாம். ஆகவே புறப்படும் நேரம் மிக முக்கியம். அரை மணி தவறினாலும், முடிவில் கரைக்கு அருகே எதிர் ஓட்டம் வந்து மறிக்கும்.

ஆரத்தி கால்வாயில் பயிற்சியைத் தொடங்கியது ஆகஸ்டு 13-ந் தேதி. பந்தயம் ஆகஸ்டு 27-ந் தேதி. ஆக, கங்கைக் கரையில் வளர்ந்த உடம்பு அந்தக் கடலுக்குப் பழகக் கிடைத்தது வெறும் 14 நாட்கள். அதே பந்தயத்தில் கலந்துகொள்ள வந்திருந்த இந்திய வீரர் டாக்டர் பிமல் சந்திரா அவருக்கு யோசனைகள் சொல்லி உதவினார்.

40 நிமிடத் தாமதம்

பந்தயத்தில் 23 நாடுகளிலிருந்து 58 பேர் கலந்துகொண்டார்கள். பெண்கள் 5 பேர். பிரான்சில் கிரி நே முனையிலிருந்து இங்கிலாந்தின் சேண்ட்கேட் கரைக்கு நீந்த வேண்டும். இரவு ஒரு மணிக்குப் புறப்பாடு. எல்லோரும் இருட்டில் கடலில் இறங்கினார்கள். ஆரத்திக்கு வழிகாட்ட வேண்டிய படகு மட்டும் வந்து சேரவில்லை. படகு இல்லாமல் புறப்படவும் வழியில்லை. காத்திருந்து, 40 நிமிடம் தாமதமாக அவர் நீந்தத் தொடங்கினார்.

ஆனாலும் சளைக்கவில்லை. காலை 11 மணிக்கு இங்கிலாந்துக் கரை 5 மைல் தூரத்தில்தான் இருந்தது. அங்கேதான் எதிர் ஓட்டம் மறித்தது. ஐந்து மணி நேரம் போராடினார். மாலை 4 மணிக்குள் அவரால் முன்னேற முடிந்தது சுமார் இரண்டு மைல்தான். இன்னும் மூன்று மைல் பாக்கி. படகை ஓட்டி வந்தவர், போதும், ஏறிவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆரத்தி ஏறிவிட்டார். ஊர் கூடி வழியனுப்பி, அரசு பணம் கொடுத்து, தேசமே எதிர்பார்த்த பந்தயம் அத்துடன் முடிந்தது.

கரை கண்ணுக்குத் தெரியும் போது படகில் ஏறுவது லேசான காரியம் அல்ல. ஆனால் அந்தக் கடலில் வீம்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு தமிழரின் முடிவே சாட்சி. வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன், 1971-ல் பாக் நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், அங்கிருந்து மீண்டும் இலங்கைக்குமாக 51 மணி நேரத்தில் நீந்திய பெரும் சாதனையாளர். அத்தகைய வீரர், 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். பலசாலியையும் அந்தக் கடல் பலி கொள்ளும். எப்போது நிறுத்துவது என்பதை, குளிரில் மரத்துப்போன நீச்சல்காரரை விடப் படகில் இருப்பவரே தெளிவாக அறிய முடியும். அன்று படகில் ஏறியதால் ஆரத்தி ஒரு பந்தயத்தைத்தான் இழந்தார். உடம்பையும் உயிரையும் இழக்கவில்லை.

33 நாட்கள்

ஊருக்குத் திரும்பிவிட ஆரத்திக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. படகு தாமதித்தது அவர் குற்றம் அல்ல. யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் இங்கிலாந்திலேயே தங்கி இரண்டாம் முயற்சிக்குத் தயாரானார்.

காலம் நெருக்கியது. கால்வாயில் நீந்தும் பருவம் செப்டம்பரோடு முடிவுக்கு வரும். அதன் பிறகு நீர் மேலும் குளிரும், பகல் சுருங்கும், காற்று வலுக்கும். தவறவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு. மறுபடி பணத்துக்கு எங்கே போவது?

அவசரப்படவும் முடியாது. நிமிடத்துக்கு 50 வீச்சு என்று வைத்துக்கொண்டாலும், 14 மணி நேரத்தில் கைகள் 42,000 முறை சுழலும். அப்படி ஒரு நீச்சலுக்குப் பிறகு யாருடைய தோளும் சும்மா இருக்காது. தோள்வலி, கழுத்துவலி, உப்பு உரசிய புண் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். இவை பெரிய காயங்கள் அல்ல. ஆனால் ஆற விடாமல் மறுநாளே கடலில் இறங்கினால், சிறிய வலி பெரிய காயமாக மாறிவிடும். பயந்துபோய் ஒரேயடியாகப் படுத்துக் கிடந்தாலோ, குளிருக்குப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்துவிடும். முதலில் ஓய்வு, பிறகு இலேசான நீச்சல், அதற்குப் பிறகே நெடுநேர நீச்சல் என்று படிப்படியாகப் போவதுதான் முறை. அசைய அசையக் குறையும் வலியோடு பயிற்சி செய்யலாம். அசைய அசைய ஏறும் வலியோடு செய்யக் கூடாது என்பது எல்லா விளையாட்டு ஆசான்களும் சொல்லும் பாடம்.

இந்தச் சமயத்தில் இன்னொரு சோதனை வந்தது. மேலாளர் அருண் குப்தா நோயில் விழுந்தார். அந்நிய நாட்டில் ஏற்பாடுகளைக் கவனிக்க வேண்டியவர் படுத்துவிட்டார். ஆரத்தி பயிற்சியை நிறுத்தவில்லை. செப்டம்பர் 24-ந் தேதி அவருக்கு 19 வயது நிறைந்தது. இரண்டாம் முயற்சிக்கு அப்போது மீதி ஐந்தே நாட்கள்.

ஒரு விதத்தில் முதல் தோல்வியே அவருக்குப் பெரிய பயிற்சி ஆகிவிட்டது. முதல் முறை கடலுக்குப் பழகக் கிடைத்தது 14 நாட்கள். இப்போது அவர் அங்கே வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருட்டில் இறங்குவது, எதிர் ஓட்டத்தோடு மல்லுக்கட்டுவது, 14 மணி நேரம் குளிரைத் தாங்குவது எல்லாம் இப்போது அவருடைய உடம்புக்குத் தெரியும்.

16 மணி 20 நிமிடம்

1959 செப்டம்பர் 29-ந் தேதி, அதே கிரி நே முனையிலிருந்து ஆரத்தி மீண்டும் கடலில் இறங்கினார். இந்த முறை கூட நீந்த 57 போட்டியாளர்கள் இல்லை. வழிகாட்டும் படகும் எதிரே கடலும்தான். விதிப்படி படகைத் தொடவும் கூடாது. அலைகள் கடுமையாக இருந்தன. முதல் தடவை நீந்தியதை விட இரண்டு மணி நேரம் அதிகமாக நீந்தினார். 16 மணி 20 நிமிடங்களில், நீரோட்டத்தின் போக்கில் 42 மைல் கடந்து, சேண்ட்கேட் கரையில் கால் வைத்தார். அங்கே இந்திய தேசியக் கொடியை ஏற்றினார்.

லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் முதலில் வாழ்த்தினார். நேருவும் வாழ்த்தினார். மறுநாள் அகில இந்திய வானொலி செய்தியை நாடெங்கும் அறிவித்தது. 1960-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. இந்திய விளையாட்டு வீராங்கனைகளில் அந்த விருதை முதலில் பெற்றவர் ஆரத்தியே.

ரயில்வே ஊழியர்

பிற்கால வாழ்க்கை எளிமையானது. தம் முயற்சிக்குத் துணை நின்ற டாக்டர் அருண் குப்தாவையே மணந்துகொண்டார். ஒரு மகள் பிறந்தார். கல்கத்தாவாசிகள் இன்றும் பி.என்.ஆர். என்று சொல்லும் ரயில்வேயில் வேலை பார்த்தார். கார்டன் ரீச் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அந்த ரயில்வேயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உலகப் புகழ் பெற்ற வீராங்கனையும், மாதச் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்திய லட்சக்கணக்கான ஊழியர்களில் ஒருவராகவே வாழ்ந்தார்.

1994-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி, மஞ்சள் காமாலையும் மூளைக் காய்ச்சலும் கண்டு ஆரத்தி சாகா காலமானார். அப்போது அவருக்கு வயது 53. 1999-ல் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. அவருக்குப் பிறகு எத்தனையோ இந்தியப் பெண்கள் கால்வாயைக் கடந்துவிட்டார்கள். வங்கத்தின் புலா சௌத்ரி இரண்டு தடவை கடந்திருக்கிறார்.

லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் தமிழர்கள், காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் சியாம்பஜாரில் இறங்கலாம். அங்கிருந்து தேசபந்து பூங்கா பக்கந்தான். நெடுந்தூரப் பந்தயத்துக்கு முதல் தடவையாகத் தயாராகும் இளைஞர்கள், ஓட்டக்காரராயினும் நீச்சல்காரராயினும், ஒரு முறை அந்தக் குளக்கரைக்குப் போய் வரலாம். அங்கே 8 மணி நேரம் நீந்திய பெண்ணுக்கும் முதல் பந்தயம் கைநழுவியது. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தி, ஆற வேண்டியதை ஆற விட்டு, பருவம் முடிவதற்குள் அவர் மறுபடி கடலில் இறங்கினார். அதனால்தான் அவர் பெயர் நிலைத்தது.